பத்மினிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர்: சிறிய இன்ஜின் பழைய காரில் பாரம் இழுக்க முழு வழிகாட்டி

என் பழைய பிரீமியர் பத்மினி காரின் பின்பக்கம் டிரெய்லர் மாட்டும் டோ பாரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இந்த வண்டி இழுக்குமா சார்?" காட்பாடி பெட்ரோல் பங்க் பையனும் கேட்டான், என் மாமனாரும் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடுதான் மெக்கானிக் பாயிடம் போய் நின்றேன். பானெட்டுக்குள் இருந்த தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்: "இழுக்கும் தம்பி, இழுக்காம எங்க போவுது? நிக்குமா, அதக் கேளு."

இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பதிலின் விரிவுரைதான். வருடத்துக்கு ஒருமுறை ஏலகிரி மேலே எங்கள் பங்காளி வீட்டுப் படையலுக்கு வேலூரிலிருந்து தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்), ஆரணி அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறோம். மற்ற நாட்களில் செடி, சிமெண்ட், ஒருமுறை என் நண்பனின் ஓடாத லாம்ப்ரெட்டா. டாடா ஏஸ் பிடித்தால் வேலை முடிந்தது என்பது எனக்கும் தெரியும். பழைய கார் வைத்திருப்பவனிடம் அந்த நியாயத்தைப் பேசிப் பயனில்லை.

முதலில் கணக்கு

பத்மினியின் இன்ஜின் 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். காரின் எடை சுமார் 900 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் 1040. அதன் பின்னால் பாரத்தோடு 300 கிலோ டிரெய்லர் மாட்டினால் மொத்தம் 1340 கிலோ. 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற மேட்டில் இதை மணிக்கு 30 கிலோமீட்டரில் இழுக்க எவ்வளவு சக்தி வேண்டும்? போட்டுப் பார்த்தேன், சக்கரத்தில் ஏறக்குறைய 12 குதிரைத்திறன். டிரெய்லர் இல்லாவிட்டால் ஒன்பதரை. வயசான இன்ஜின் 40 கொடுக்காது, 30 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் கையில் நிறையவே மிச்சம் இருக்கிறது. அதே மேட்டை 60-ல் ஏற ஆசைப்பட்டால் 25-க்கு மேல் கேட்கும், காற்றின் எதிர்ப்பு தனி. ஆக இன்ஜினைத் திணற வைப்பது பாரத்தைவிட நம் அவசரம்தான்.

இப்போது நிறுத்துகிற கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் ஓடும் 1340 கிலோவை நிறுத்தும்போது, வெறும் காரை நிறுத்துவதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் சூட்டை பிரேக் விழுங்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. என் காரில் நாலு சக்கரத்திலும் டிரம். டிஸ்க் மாதிரி டிரம் சீக்கிரம் ஆறாது. இதுவே சமவெளியில். ஏலகிரியிலிருந்து இறங்கும்போது சுமார் 600 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். அந்த இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், 60 கி.மீ. வேகத்திலிருந்து நாற்பது தடவைக்கு மேல் அடுத்தடுத்து நிறுத்திய சூடு அந்த நாலு டிரம்முக்குள் போகும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் எடை வரம்பு. இங்கிலாந்தில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு, இழுக்கும் வண்டியின் எடையில் பாதி அல்லது 750 கிலோ, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். அந்தக் கணக்குப்படி பத்மினிக்கு 450 வரும். நான் 300-க்கு மேல் போவதில்லை. நம் ஊர் வெயில், நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர், கையைக் காட்டிவிட்டுக் குறுக்கே வரும் டிவிஎஸ் 50, எல்லாவற்றுக்கும் சேர்த்து 150 கிலோவைத் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

எந்தக் கார்?

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் பின்சக்கர ஓட்டம். பின்னால் பாரம் ஏறினால் இழுக்கிற சக்கரத்துக்கே பிடிப்பு கூடும். அம்பாசடர் 1489 சிசி, எடையும் அதிகம், இந்த வேலைக்கு இன்னும் நிதானமான மாடு. மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு, ஹிட்ச், அதாவது டிரெய்லரை இணைக்கும் அமைப்பு, மாட்ட வசதி. ஆனால் இன்ஜின் 948 சிசி, பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு. பின்னால் பாரம் அழுத்தினால் இரண்டு சக்கரமும் மேலே உட்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். 796 சிசி மாருதி 800-க்கு முன்சக்கர ஓட்டம். மேட்டில் பின்னால் பாரம் அழுத்தினால் முன்பக்கம் லேசாகி சக்கரம் சுழலும். சமவெளியில் சின்ன டிரெய்லருக்குப் பரவாயில்லை, மலைக்கு வேண்டாம்.

கையில் இருக்கிற காரின் கீழே படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடம், டிக்கித் தரை, பின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிச் சட்டம், இந்த மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துரு பொலபொலவென்று கொட்டினால் டிரெய்லர் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு டிங்கர் கடைக்குப் போங்கள்.

காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். இன்ஜின் இல்லையே என்று வாதாட முடியாது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும். பட்டறையில் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, என்ன அளவு, என்ன சான்றிதழ் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செய்து முடித்த பிறகு போனால் கதை நீளும். கார் இன்சூரன்ஸ்காரர்களிடமும் டிரெய்லர் இழுக்கப் போகிறேன் என்று எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

தனியார் காரின் ஆர்சி 15 வருடம். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஆர்சி உயிரோடு இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் வந்த விதியின் கீழ் 'விண்டேஜ்' என்று பதிவு செய்து வி.ஏ. எழுத்து போட்ட நம்பர் வாங்கியிருந்தால், அதைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அரிசி மூட்டை ஏற்றி டிரெய்லர் இழுக்க அந்த நம்பர் உதவாது.

ஹிட்ச்: பம்பரில் தொடாதீர்கள்

முதல் தடவை நான் ஏமாந்த இடம் இது. ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரே மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார்கள். பம்பர் பிராக்கெட்டில் ஒரு சேனலை வைத்து வெல்டு அடித்து, நடுவில் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு ஒன்றைத் திருகித் தந்தார்கள். கறுப்பு பெயிண்ட் அடித்ததும் கம்பெனியில் வந்த மாதிரி இருந்தது. பாயிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் அந்தக் குண்டின் மேல் ஏறி நின்று, இரண்டு தடவை குதித்தார். பம்பர் ஒரு விரற்கடை கீழே இறங்கி அப்படியே நின்றது. "பம்பரு முட்டறதுக்கு தம்பி, இழுக்கறதுக்கு இல்ல."

பத்மினிக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்து வெல்டு செய்த உடம்பேதான் சேஸிஸ். ஒரே இடத்தில் இழுத்தால் அந்தத் தகடு கிழியும். எனவே இழுவிசையைப் பல இடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். என் காரில் இப்போது இருக்கிற அமைப்பு இப்படி: டிக்கித் தரைக்கு அடியில் இரண்டு நீளச் சட்டங்களோடு சேர்த்து இடது வலது இரண்டு ஆங்கிள்கள், ஒவ்வொன்றும் மூன்று போல்ட்டில். பின்னால் அவற்றைக் குறுக்கே இணைக்கும் ஒரு சதுரக் குழாய். போல்ட் எல்லாம் 12 மில்லிமீட்டர், தலையில் 8.8 என்று பலத்தின் தரக்குறி முத்திரை இருப்பவை. தகட்டுக்கு மேல்பக்கம் வெறும் வாஷர் போடாமல் உள்ளங்கை அகலத்துக்கு 5 மில்லிமீட்டர் தகடு வைத்து முறுக்கியிருக்கிறோம். இதில் வெல்டை நம்புவது குழாயும் ஆங்கிளும் சேரும் இடத்தில் மட்டும். காரின் உடம்பில் வெல்டு வேண்டாம். சூட்டில் பழைய தகடு பலம் இழக்கும், பெட்ரோல் டேங்கும் பின்னால்தான் இருக்கிறது.

டோ பால் 50 மில்லிமீட்டர் குண்டு, அதைக் கவ்விக்கொள்ள டிரெய்லரின் மூக்கில் அதற்கேற்ற கப்ளர். குண்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 35 முதல் 42 சென்டிமீட்டர் உயரத்துக்குள், பாரம் ஏற்றிய நிலையில் அளக்க வேண்டும். மாட்டிய பிறகு டிரெய்லர் தட்டையாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கிக்கொண்டோ குனிந்துகொண்டோ நின்றால் குண்டின் உயரத்தை மாற்றுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி கண்டிப்பாக இரண்டு. கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். குண்டிலிருந்து கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும், தாரில் குத்தாது. வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வு, தரையில் உரசாத அளவுக்கு இறுக்கம்.

டிரெய்லர் செய்வது

என்னுடையது 5 அடி நீளம், 4 அடி அகலத் தட்டு. வெறும் எடை 130 கிலோ. எடைக்கல் பார்த்துத்தான் சொல்கிறேன், பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம். பட்டறைக்காரர்கள் பாசத்தில் கனமான இரும்பைப் போட்டுத் தருவார்கள். "நல்லா கெட்டியா போட்டிருக்கேன் சார்" என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்ற முடியாமல் போகும் ஒரு கிலோ.

சக்கரங்களின் இடைவெளி 4 அடி. அச்சிலிருந்து கப்ளர் வரை 6 அடி. தட்டையும் கப்ளரையும் இணைக்கும் இழுகம்பு நீளமாக இருந்தால் ரோட்டில் ஆட்டம் குறையும், ரிவர்ஸும் எளிது. அச்சைத் தட்டின் சரிநடுவில் வைக்காமல் மூன்று அங்குலம் பின்னால் தள்ளி வைத்தோம். காரணம் முன்பாரம், அது அடுத்த பகுதியில் வருகிறது.

சக்கரத்துக்கு ஆட்டோ டயர் போடலாம் என்று பலரும் சொன்னார்கள். 8 அங்குலச் சக்கரம் காரின் 14 அங்குலச் சக்கரத்தைவிட ரொம்ப வேகமாகச் சுற்றும், பேரிங் சூடாகும், நம் ஊர்ப் பள்ளத்தில் இறங்கினால் முழுசாகப் புதையும். மாருதி 800-ன் 12 அங்குலச் சக்கரம் பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதையே போட்டேன். முதல் பயணத்தில் பத்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இதமான சூடு சரி. கையை இழுத்துக்கொள்ள வைத்தால் பேரிங் அதிகம் முறுக்கப்பட்டிருக்கிறது அல்லது கிரீஸ் போதவில்லை.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய தாத்தாக்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். கரும்போ வைக்கோலோ ஏற்றும்போது முன்பாரம் அதிகமானால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகம் மேலே தூக்கிக்கொண்டு கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். லேசான முன்பாரம்தான் சரியான வண்டி. டிரெய்லரும் இரண்டு சக்கர வண்டியேதான், மாட்டுக்குப் பதில் பத்மினி.

அளவு என்னவென்றால், டிரெய்லரின் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் குண்டின் மேல் இறங்க வேண்டும். 300 கிலோவுக்கு 21 முதல் 30 கிலோ. நான் 25 வைக்கிறேன். அளப்பதற்குக் குளியலறையில் வைக்கும் எடை மெஷின் போதும். மெஷின் மேல் ஒரு கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, குண்டு இருக்கும் அதே உயரத்தில் கப்ளரை அதன் மேல் உட்கார வையுங்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட மறக்காதீர்கள். முள் காட்டுவதுதான் முன்பாரம்.

இந்த 25 கிலோ எவ்வளவு நுட்பமானது என்று தெரிந்தால்தான் மரியாதை வரும். கப்ளர் அச்சிலிருந்து 6 அடி தள்ளி இருக்கிறது. அப்படியானால் மொத்தப் பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு வெறும் அரை அடி முன்னால் இருக்கிறது. ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனை முன்னாலிருந்து 4 அடி பின்னால் நகர்த்தினால் முன்பாரத்தில் 13 கிலோ குறைந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. முதல் ஏலகிரிப் பயணத்தில், பள்ளிகொண்டா தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். தேக்சா கட்டிய கயிறு தளர்ந்திருந்தது. அதைத் திரும்பக் கட்ட, குறுக்கே இருந்த மூன்று தண்ணீர் கேன்களை என் தம்பி இறக்கி வைத்தான். கட்டி முடித்ததும் மூன்றையும் தூக்கி, கைக்கு எட்டிய இடத்தில், அதாவது பின்கதவை ஒட்டி வைத்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று கேன், 60 கிலோ, 4 அடி. முன்பாரத்தில் 40 கிலோ போய்விட்டது. இருந்ததே 25. டிரெய்லர் இப்போது காரின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது.

ஒரு பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. வேகம் 65 இருக்கும். ஒரு பஸ் வலதுபக்கம் கடந்து போனது. அந்தக் காற்று தள்ளியதில் டிரெய்லர் இடதுபக்கம் லேசாக நகர்ந்தது, திரும்ப வலதுபக்கம், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக. கண்ணாடியில் தேக்சா தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பக்கமும் சேர்ந்து ஆட ஆரம்பித்தது. தம்பி, "அண்ணா, அண்ணா" என்றான், வேறு வார்த்தை வரவில்லை.

கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. பிரேக் பிடித்தால் கார் மெதுவாகும், டிரெய்லர் மெதுவாகாது, அது பின்னால் தள்ளிக் காரைத் திருப்பிவிடும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் தப்பு, நம் கை எப்போதும் ஆட்டத்துக்கு ஒரு தாளம் பின்தங்கித்தான் வெட்டும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 40 குதிரைத்திறன் வண்டியில் அதற்குக் கூட்ட வேகமே இருக்காது. செய்ய வேண்டியது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வைப்பது, வேகம் தானாக விழக் காத்திருப்பது. 45-க்கு வந்ததும் ஆட்டம் அடங்கியது. ஓரம் கட்டிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேன்களை முன்னால் மாற்றினோம்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். தட்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, கனமானவை எல்லாம் கோட்டுக்கு முன்னால் என்று வைத்திருக்கிறேன். வழியில் எதை இறக்கி ஏற்றினாலும் கப்ளர் பக்கம் போய், கையால் இழுகம்பைத் தூக்கிப் பார்க்கிறேன். ஒரு அரிசி மூட்டையைத் தூக்குவது போல் கனக்க வேண்டும். 25 கிலோ மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு மெஷினே வேண்டாம்.

முன்பாரம் மிஞ்சினாலும் தொல்லை. காரின் பின்பக்கம் உட்காரும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாகும். பழைய ஸ்பிரிங் பட்டைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். பட்டறையில் வளைவு கட்டி, ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிரேக்கும் தண்ணீரும்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் நாலு டிரம்மையும் கழற்றுங்கள். ஷூ தேய்மானம், வீல் சிலிண்டர் கசிவு, டிரம்மின் உட்புற வரிகள் எல்லாம் பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி வேண்டும், ஈரம் ஏறியது 140-லேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்தால் பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் பற்றி வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீர் உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேட்கவே வேண்டாம். வழியில் டீக்கடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வைத்தால் ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெள்ளையாகப் பக்குப் படியும், வீட்டில் கேத்தல் அடியில் பார்ப்பதுதான். சமவெளியில் அது சமாளிக்கும், டிரெய்லரோடு இரண்டாவது கியரில் மலை ஏறும்போது முள் சிவப்புக்குப் போகும். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் கீழ் தொட்டிகளைப் பிரித்து கம்பி விட்டுச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றுங்கள். பேன் பெல்ட் புதுசு ஒன்று டிக்கியில்.

பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருப்பதால் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி இருமிக்கொண்டு நிற்கும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போடும் பழைய வைத்தியம் இன்றும் வேலை செய்கிறது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும், பம்பின் டயாஃப்ரம், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆயில் அளவை மறக்காமல் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும்போது நான் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி எட்டுக்குள் அடிவாரம் சேர்ந்துவிடுவேன்.

விளக்குகள்

ஏழு முள் பிளக் போட்டால் எல்லோருக்கும் தெரிந்த வயர் நிறங்கள்: மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக், பழுப்பு வலது டெயில், கறுப்பு இடது டெயில், வெள்ளை எர்த், நீலம் பனிவிளக்கு. விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி மாறி மாறி எரிந்தால் பத்துக்கு ஒன்பது தடவை வெள்ளை வயர்தான் குற்றவாளி. குண்டின் வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், அங்கே கிரீஸ் இருக்கிறது. கூடுதல் பல்பு சேர்ந்ததால் இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய பிளாஷரின் தாளம் மாறும், அதிக பல்பு தாங்கும் பிளாஷர் வாங்கி மாட்டுங்கள். ஆல்டர்னேட்டர் இல்லாமல் குறைவாகவே மின்சாரம் தரும் பழைய டைனமோ வண்டி என்றால் டிரெய்லருக்கு எல்இடி பல்பே போடுங்கள், பேட்டரி வாழ்த்தும்.

ரோட்டில்

கிளம்பும்போது கிளட்சை உரசி உரசி எடுக்காதீர்கள். முதல் கியரில் உருள வைத்து, பிறகு மிதியுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் 50, அதிகபட்சம் 55. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடுவதில் இரண்டு மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு கார் வந்து நுழையும். நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள். லாரி கடக்கும்போது முதலில் காற்று உங்களைத் தள்ளும், பிறகு உறிஞ்சும். இரண்டுக்கும் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தபடி இருந்தால் போதும். ஸ்பீடு பிரேக்கரில் காரின் நாலு சக்கரம் இறங்கியதும் நம் கால் ஆக்சிலேட்டரை அழுத்தும். இன்னும் ஒரு அச்சு பாக்கி இருக்கிறது.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கவிஞர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்த பலகைகளோடு. வளைவில் டிரெய்லர் காரின் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டும். உள்ஓரத்துக் கல்லில் சக்கரம் ஏறாமல் இருக்க வழக்கத்தைவிட அகலமாகத் திரும்ப வேண்டும், அதற்கு எதிர்த்தடம் கொஞ்சம் தேவைப்படும், ஆகவே வளைவுக்கு முன்னாலேயே ஹார்ன், முதல் கியர். ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது விதி, ஆனால் சுற்றுலா வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது தெரியும் என்று எண்ண வேண்டாம். முள் ஏறினால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். இன்ஜினை உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் சபலம் வேண்டாம். நின்ற உடனே பக்கத்தில் இருப்பவர் இறங்கி டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். லாரி கிளீனர்கள் போடுவார்களே, அதே மரக்கட்டை. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நான் ஒருமுறை கூட நிறுத்தியதில்லை.

இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். இரண்டாவதில் வைத்துவிட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்தும், ஊளையிடும், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து மூன்றாவதுக்குப் போகாதீர்கள். பிரேக்கைத் தொட்டபடியே வருவதைவிட, விட்டுவிட்டு அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுப்பது மேல். நடுவில் டிரம் காற்று வாங்கும். பாதி மலையில் ஒரு தடவை நிறுத்துகிறேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வறுத்த வேர்க்கடலை சாப்பிடுகிற நேரம் போதும். எரிந்த வாசனை வந்தால் இரண்டு பொட்டலம்.

ரிவர்ஸ்

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் ஒரு கையை வையுங்கள். டிரெய்லர் இடதுபக்கம் போக வேண்டுமா, கையை இடதுபக்கம் நகர்த்துங்கள். வலதுபக்கம் என்றால் வலது. அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் டிரெய்லர் சின்னதாக இருக்க இருக்க சீக்கிரம் மடங்கும். மடங்க ஆரம்பித்தால் திருத்தப் பார்க்காமல் முன்னால் ஒரு வண்டி தூரம் போய் நேராக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். காரின் பின் மூலையும் இழுகம்பும் முட்டிக்கொண்டால் நஷ்டம் டெயில் லைட்டுக்குத்தான். பத்மினி டெயில் லைட் இப்போது என்ன விலை விற்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் வரிசையாக ஸ்கூட்டி. முதல் தடவை ஊர் முழுக்க இறக்கிவிட்டு வந்த தைரியத்தில் ரிவர்ஸ் எடுத்தேன். ஆளாளுக்கு "ஒடி, ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்று கத்தினார்கள், யாருடைய லெஃப்ட் என்று யாருக்கும் தெரியவில்லை. இருபது நிமிடம் ஆனது. இப்போதெல்லாம் தெருமுனையிலேயே நிறுத்தி, பாரத்தை இறக்கி, சங்கிலியையும் பிளக்கையும் கழற்றி, கப்ளரைத் தூக்கி, 130 கிலோவை நானும் தம்பியும் கையால் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறோம். இரண்டு நிமிட வேலை.